5,000 குடம் எங்கே போச்சு?

சிவகாசிப் பக்கம் மழைக்கு மரியாதை கம்மி சார். பட்டாசு காய வெயில் வேணும். மேகம் கறுத்தால் மத்த ஊரில் கவிதை எழுதுவான். இங்கே காயப்போட்ட சரக்கை அள்ளிக்கிட்டு ஓடுவான். அதே ஆசாமி சித்திரை மாசம் தண்ணி வண்டிக்காகக் குடத்தோடு தெருவில் நிற்பான்.

நீங்க விஸ்வநத்தத்தில் லோன் போட்டு, ஆயிரம் சதுர அடியில் ஒரு வீடு கட்டுறீங்கன்னு வெச்சுக்குங்க. விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். பி.காம். புத்தியோடு பெருக்கிப் பார்த்தேன். உங்க மொட்டை மாடியில் மட்டும் வருஷத்துக்கு 74,000 லிட்டர் விழுது. 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 5,000 குடம்! ஆவியானது, வீணானது எல்லாம் கழித்தாலும் நல்ல வரவு. அதைத்தான் அப்படியே சாக்கடைக் கணக்கில் செலவு எழுதிடறோம்.

சட்டம் இல்லாமலா? 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மாநிலம் முழுக்க ஒண்ணுதான். 2021-ல் மாநகராட்சி ஆன சிவகாசியில் கட்டினாலும், விஸ்வநத்தத்தில் கட்டினாலும் தப்பிக்க முடியாது.

மத்த ஊர்ல எப்படி? பெங்களூரில் 2009-லிருந்து, 30-க்கு 40 மனையில் புது வீடு கட்டினாலே சேகரிப்பு வெச்சாகணும். இல்லேன்னா தண்ணி பில்லோடு அபராதம் வரும். சிங்கப்பூரில் கதையே வேற. 2014-லிருந்து, அரை ஏக்கர் அளவுக்கு மேலே கட்டினால், பெய்கிற மழையை ஒரே மூச்சில் வடிகாலில் தள்ளக்கூடாது. தொட்டியில் நிறுத்தி, மெதுவாத்தான் விடணும். அவங்க பயம் வெள்ளம்; நம்ம பயம் வறண்ட போர்.

பெங்களூர்க்காரனுக்கு பில் வரும்போதெல்லாம் ஞாபகம் வரும். நமக்கு? பிளானில் ஒரு வட்டம் போட்டு 'மழைநீர்க் குழி'ன்னு எழுதிட்டா அப்ரூவல். கட்டி முடிச்சதும் வந்து பார்ப்பாங்களான்னா, சின்ன வீட்டுக்குப் (அந்தச் சின்ன வீடு இல்லை சார்!) பணி நிறைவுச் சான்றிதழே தேவையில்லை. அப்புறம் குழி இருக்கா, அதுமேல பைக் நிக்குதா, யாருக்குத் தெரியும்?

ஆக, உங்க குழிக்கு ஆடிட்டர் நீங்கதான். ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பெருக்குங்க. குழியைத் திறந்து, அடைச்சிருக்கிற மண்ணை அள்ளிட்டு, ஜல்லியைக் கழுவிப் போடுங்க. முதல் மழை அழுக்கோடு வெளியே போகட்டும். அடுத்த மழையை உள்ளே விடுங்க.

பேங்கில் போட்டால் மாசாமாசம் வட்டி. இதுக்குச் சித்திரையில்தான் வட்டி. போர் மோட்டார் வெறும் காத்தை இழுக்காமல் தண்ணியை ஏத்தும் பாருங்க, அதுதான்!