பிளஸ் ஒன்னில் பள்ளி மாறினால் என்னவெல்லாம் போகும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் அரூர் பக்கத்துக் கிராமங்களில் தனியார் பள்ளிகளின் வேன்கள் நுழைந்துவிடும். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை 450க்கு மேல் வாங்கியிருக்கிறது என்ற விவரம் வேனில் வருபவர்களுக்கு அத்துப்படி. கையில் ஒரு சால்வை, ஒரு ஸ்வீட் பாக்ஸ், விண்ணப்பப் படிவம். உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "உங்க பொண்ணுக்கு ஃப்ரீ சீட்டுங்க." அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைத்தான் தேடி வருகிறார்கள். பத்து வருஷம் யாரோ உழுது விதைத்த நிலத்தில் அறுவடைக்கு மட்டும் ஆள் வருவது மாதிரி இருக்கும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் நாட்களில் விண்ணப்பம் வாங்கும் மேசையில் இருப்பேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள். கணக்கை மட்டும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண் 478 மார்க் எடுத்தாள். அவள் படித்தது ஊரிலிருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. அது பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால் பள்ளி மாறியே ஆக வேண்டும். ஒரு பக்கம், டவுனில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. பஸ்ஸில் அரை மணி நேரம். இன்னொரு பக்கம், நாமக்கல் பக்கத்தில் தங்கிப் படிக்கிற தனியார் பள்ளி. அப்பா தறி ஓட்டுகிறவர். "நாமதான் படிக்கல, இதாவது நல்ல எடத்துல படிக்கட்டும் டீச்சர்" என்று படிவத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

படிவத்தின் மேலே கொட்டை எழுத்தில் 'கல்விக் கட்டணம் முற்றிலும் இலவசம்' என்றிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் விடுதி, மெஸ், சீருடை, துணி துவைக்க, நீட் மெட்டீரியல், மாதத் தேர்வு என்று வரிசையாகத் தனித்தனித் தொகை. கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. மாதத் தேர்வில் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனால் சலுகை ரத்து என்பது கடைசி வரி. அவர் முன்பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தார்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று எந்தப் படிவத்திலும் இருக்காது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எம்பிபிஎஸ் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 400 இடங்கள் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மற்றபடி, ஆறு முதல் பத்து வரை ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருஷம் தனியாருக்குப் போனால் அந்த ஐந்து வருஷமும் கணக்கில் வராது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் அதே கதைதான். 'பேர்லயே அரசுன்னு இருக்கே' என்று நம்பி ஏமாந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, கல்லூரியில் படிக்கும்போது அரசு தரும் மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவற்றுக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு என்பதே விதி. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருஷப் பட்டப்படிப்பு என்றால் 36,000 ரூபாய். தறி ஓட்டும் வீட்டில் அது பஸ் செலவு, புத்தகச் செலவு, தேர்வுக் கட்டணம்.

இத்தனையையும் சொன்ன பிறகு அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டேன். அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை. "மாட்டு டாக்டர்" என்றாள். வீட்டில் இரண்டு கறவை மாடு; கன்று போடுகிற இரவில் டாக்டர் கிடைக்காமல் ஒரு கன்று செத்ததைப் பார்த்தவள். தமிழ்நாட்டுக் கால்நடைக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் வாங்கும் மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை. பொறியியலுக்கும் 2007இல் நுழைவுத் தேர்வு போனதிலிருந்து பிளஸ் டூ மார்க்தான். அவளுக்குத் தேவைப்படாத ஒரு தேர்வுக்காக, அவள் அப்பா கடன் வாங்க இருந்தார். டவுன் அரசுப் பள்ளியிலேயே உயிரியல் குரூப்பில் சேர்ந்தாள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

உடனே ஒரு கேள்வி வரும். அவள் அப்பாவும் கேட்டார்: "உங்க பையன் எங்க படிச்சான் டீச்சர்?" தனியார் பள்ளியில்தான் படித்தான். எல்கேஜி முதலே அங்கேதான். அவன் பிளஸ் ஒன்னுக்கு எங்கே போயிருந்தாலும் இழக்க ஒதுக்கீடு எதுவும் இருந்திருக்காது. அரசுப் பள்ளியில் படித்துவந்த பிள்ளையின் நிலைமை வேறு. அதன் கையில் ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கிறது. விற்பதாக இருந்தால் விலை தெரிந்து விற்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அரசுப் பள்ளி என்றாலே சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். பணியிடம் காலியாகக் கிடந்து, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டுகிற பள்ளிகள் உண்டு. ஜூனில் வர வேண்டிய கணக்கு ஆசிரியர் செப்டம்பரில் வந்த வருஷத்தையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பும் நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைக்கு வேண்டிய குரூப் இருக்கிறதா, அதற்கான முதுகலை ஆசிரியர்கள் இப்போது பணியில் இருக்கிறார்களா, ஆய்வகம் திறந்திருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சாயங்காலக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். பக்கத்து அரசுப் பள்ளி சரியில்லை என்றால் இன்னொரு அரசுப் பள்ளியைப் பாருங்கள். மாவட்டந்தோறும் தங்கிப் படிக்கும் மாதிரிப் பள்ளிகளை அரசே நடத்துகிறது. அங்கே படித்தாலும் ஒதுக்கீடு போகாது.

தனியார் பள்ளியில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: பிளஸ் ஒன் புத்தகத்தை முழுசாக நடத்துவீர்களா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். பழைய வழக்கம் திரும்பி வருவதற்கும் வழி திறந்திருக்கிறது. இயற்பியலில் விசை, வேலை, ஆற்றல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் வருகிறது. அந்த அஸ்திவாரம் இல்லாத பிள்ளை கல்லூரி முதல் செமஸ்டரில் அரியர் வைக்கும். நீட்டிலும் பாதிக்குப் பாதி பிளஸ் ஒன் பாடம்தான்.

எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு ஒரு குடும்பம் தனியார் பள்ளியையே தேர்ந்தெடுத்தால் அது அவர்கள் உரிமை. தெரியாமலே போகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். பிளஸ் டூ முடித்துக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் 'நீங்கள் தகுதியில்லை' என்பது பலருக்குத் தெரியவருகிறது. அப்போது யார் காலில் விழுந்தும் பயனில்லை.

இதைத் தடுக்கப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு தாள் கொடுக்கட்டும். தனியார் அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறினால் 7.5 சதவீத ஒதுக்கீடு என்ன ஆகும், மாதம் 1,000 ரூபாய் என்ன ஆகும் என்று தெளிவான தமிழில் நாலு வரி இருந்தால் போதும். தலைமையாசிரியர் அதைப் படித்துக் காட்டி, பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு டிசி தரட்டும். ரிசல்ட் அன்று மார்க்கோடு போகும் குறுஞ்செய்தியிலும் இதைச் சேர்க்கலாம். வரும் மே மாத ரிசல்ட்டுக்கு முன் பள்ளிக் கல்வித் துறை இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.