கூண்டு மீனுக்கு மட்டும் 'பி' தரமா?

மஸ்ஜிட் ஜாமேக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் நீல விளக்கு எரிகிறது, பனிப்புகை எழும்புகிறது. 'உயிர் நதி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அதே கிள்ளான் ஆறு கடலைச் சேரும் பக்கம், கெத்தாம் தீவை ஒட்டி, மிதவைக் கூண்டுகளில் சியாக்காப், கெராப்பு மீன்கள் வளர்கின்றன. அங்கே எந்த விளக்கும் இல்லை.

2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளைப் பாருங்கள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஆலைக்கு 'ஏ' தரம்: லிட்டருக்கு 0.005 மில்லிகிராம் பாதரசம்தான் உச்சவரம்பு. அதற்குக் கீழே இருந்தால் 'பி' தரம்: 0.05. பத்து மடங்கு! குழாய்த் தண்ணீரைக் காக்கத் தெரிந்த சட்டத்துக்கு, அதே மக்கள் தின்னும் மீன் நினைவுக்கு வரவில்லையா?

2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி, அபராத உச்சத்தை 1 கோடி வெள்ளிக்கு உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் 0.05க்குள் நிற்கும் ஆலை சட்டப்படி குற்றவாளியே அல்ல. அந்த ஒரு கோடி யாரை மிரட்டும்?

பாதரசம் கடலோடு கரைந்து போய்விடுவதும் இல்லை. சேற்றில் படிகிறது. கூண்டுக்கு அடியில் மிச்ச இரை அழுகி, பிராணவாயு குறையும்போது, நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்குகின்றன. சிறு மீன் வழியாகப் பெரிய மீனில் அது சேர்ந்துகொண்டே போகும். கழிவு மீனை இரையாகப் போட்டால் அந்த வழியும் திறந்துவிடும். தசையில் பிணைந்த அந்த நஞ்சு மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளையைத்தான் அது முதலில் தேடும். ஜப்பானின் மினாமாட்டாவில் பாதரச நோய் 1956இல் வெளிப்பட்டது. ஆலைக் கழிவு நின்றதோ 1968இல். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பாதரச ஒப்பந்தத்தில் மலேசியா 2014இல் கையொப்பமிட்டிருக்கிறது.

கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், கொன்றுண்ணி மீனுக்கு 1 மில்லிகிராம் என்று உணவு விதிகளில் மெத்தில் பாதரச வரம்பு இருக்கிறது. ஆனால் பசாரில் ஐஸ்மீது கிடக்கும் மீன் எந்தக் கூண்டில் வளர்ந்தது, யார் சோதித்தார்கள் என்று பிரிக்பீல்ட்ஸ் இல்லத்தரசி யாரிடம் கேட்பார்? பண்ணைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவரும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் முதல் போட்டவர்.

சுற்றுச்சூழல் துறை, மீன் வளர்ப்பு நீருக்குள் விழும் எல்லாக் கழிவுக்கும் 'ஏ' தர வரம்பை விதிக்க வேண்டும். மீன்வளத்துறை, விரும்பினால் பெறலாம் என்றிருக்கும் மைகேப் (நல்ல வளர்ப்பு முறை) சான்றிதழைக் கூண்டுப் பண்ணைகளுக்குக் கட்டாயமாக்கி, அடிச்சேற்றின் பாதரசச் சோதனையையும் அதில் சேர்க்க வேண்டும். சுகாதார அமைச்சு ஒவ்வொரு காலாண்டும் சோதனை முடிவுகளைப் பண்ணை வாரியாக, தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் வெளியிட வேண்டும். முதல் பட்டியல் இந்த ஆண்டுக்குள் வரட்டும்.