அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் நடங்க

எங்கள் பி.காம். இறுதியாண்டுக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இப்போது சென்னைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு ஆடிட்டர் ஆபீஸ், சிலருக்கு பேங்க் எக்ஸாம் கோச்சிங், மீதிப் பேருக்கு "அங்க போய்ப் பாத்துக்கலாம் மச்சி". செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்கிற ஊர் இது. அந்த யூனிட்களுக்குக் கணக்கு எழுத எத்தனை பி.காம். வேண்டும் சொல்லுங்கள்? அதனால் ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

வேலை கிடைக்குமா என்கிற கவலையைவிட எங்கே தங்குவது என்கிற கவலைதான் எல்லோர் முகத்திலும் தெரிகிறது. யோசனை சொல்லவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. "வேளச்சேரி பக்கம் பாருப்பா, நல்லா டெவலப் ஆன ஏரியா" என்கிறார் ஒருத்தரின் சித்தப்பா. "ஓ.எம்.ஆர்.ல நாவலூர் தாண்டிப் போயிட்டா வாடகை கம்மி" என்கிறார் போன வருஷம் போன சீனியர். "முதல்ல ஒரு பைக் எடு, அப்புறம் எந்த ஏரியான்னாலும் கவலை இல்ல" என்பது இன்னொரு சீனியரின் அருள்வாக்கு. வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, பேச்சிலருக்குக் கொடுப்பார்களா, எல்லாம் விசாரிக்கிறோம். அந்தத் தெருவில் நடக்க முடியுமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

வண்டி இல்லாமல் ஊர் மாறுகிறவன் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி. காமர்ஸ் படித்துவிட்டு இதைக்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் எப்படி?

ஒரு பேச்சுக்கு, தள்ளியிருக்கிற அறை மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவும் ஸ்டேஷனும் பக்கத்தில் இருக்கிற அறை 6,000. முதல் அறைக்கு 2,000 லாபம் என்று எல்லோரும் அங்கேதான் ஓடுவோம். இப்போது அந்தத் தூரத்து அறையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஷேர் ஆட்டோ போக 20, வர 20. மாதம் 26 நாளுக்கு 1,040. ராத்திரி ஷேர் ஆட்டோ நின்றுவிட்டால் தனி ஆட்டோவோ பைக் டாக்ஸியோ தான். வாரம் இரண்டு முறை, முறைக்கு 100 என்றால் மாதம் 800. பக்கத்தில் மெஸ் இல்லை, ஆர்டர் போடுகிறோம். மாதம் பத்து முறை 40 ரூபாய் டெலிவரி சார்ஜ் என்றால் 400. கூட்டினால் 2,240. லாபம் என்று நினைத்த இரண்டாயிரம் போய், கையிலிருந்தும் 240 போய்விட்டது. இதில் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. போகும்போது 35 நிமிஷம், வரும்போது 35 நிமிஷம் கூடுதலாக ஆனால் மாதத்துக்கு 30 மணி நேரம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ரசீது இல்லாத செலவும் செலவுதான் என்று படித்தோமே, அது இதுதான் :-)

சரி, புரோக்கர் விஷயத்துக்கு வருவோம். எல்லாப் புரோக்கரும் சொல்கிற வசனம், "நடக்கிற தூரம்தான் சார்". அவர் அதைச் சொல்வது பைக்கில் உட்கார்ந்துகொண்டு! சாதாரணமாக நடந்தால் பத்து நிமிஷத்தில் சுமார் 800 மீட்டர் போகலாம். அது மார்கழிக் கணக்கு. மே மாதத்து மதிய வெயிலில் மரம் இல்லாத தெருவில் அதே 800 மீட்டர் வேறு தூரம்.

தூரம் மட்டுமே விஷயமும் இல்லை. நமக்குத் தெரிந்த உதாரணம் நெய்வேலி. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் பிரித்த தெருக்கள், ரோட்டோரம் பெரிய மரங்கள். நடப்பதற்கு இவ்வளவு அழகான இடம் நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் கடைசி பிளாக்கில் இருந்துகொண்டு மெயின் பஜாருக்கு நடந்து போய் சாமான் வாங்கி வாருங்கள் பார்ப்போம். அது வாக்கிங் போவதற்கான இடம். நடந்தே வேலையை முடிக்கிற இடம் வேறு. பால், மாத்திரை, ஜெராக்ஸ், இஸ்திரி வண்டி, டிபன், பஸ் ஸ்டாப் எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வர வேண்டும். நம் ஊரில் பெரிய கோயிலைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜங்ஷன் ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு மட்டும்தான் அவர்கள் வண்டி தேடுவார்கள்.

சென்னையிலும் அப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் பழைய இடங்கள்தான். மயிலாப்பூரில் குளம், மாட வீதி, அதை ஒட்டிக் கடைகள். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில், பெரிய மசூதி, நடுவில் மேன்ஷனும் மெஸ்ஸும். வண்டி வருவதற்கு முன்னால் உருவான ஊர்கள் என்பதால் எல்லாமே கால் எட்டுகிற தூரத்தில் இருந்தே ஆக வேண்டியிருந்தது. தி.நகர் அவ்வளவு பழசு இல்லை. மாம்பலம் ஏரிப் பகுதியில் 1920-களில் திட்டம் போட்டுக் கட்டியது. ஆனாலும் ரயில் ஸ்டேஷன், பூங்கா, கடைத்தெரு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த புத்தி அந்தக் காலத்துக்கு இருந்திருக்கிறது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை சுமார் 570 மீட்டருக்கு ஆகாய நடைமேம்பாலமும் வந்துவிட்டது. இவை இரண்டும் துணி எடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மேற்கு மாம்பலத்தில் அறை எடுத்து தி.நகர் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிற பையனுக்கு அந்தப் பாலம்தான் தினசரி ரோடு.

இதற்கு மாறாக, புது ஏரியாக்களில் அப்பார்ட்மெண்ட் கேட்டுக்குள் எல்லாம் இருக்கும். ஜிம் இருக்கும், பூங்கா இருக்கும். கேட்டைத் தாண்டினால் பிளாட்பாரம் இருக்காது. இருந்தாலும் வீட்டுக்கு வீடு கார் ஏற்றச் சரிவு கட்டியிருப்பார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் வெறுத்துப்போய் ரோட்டில் இறங்கியே நடப்போம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்கிற அமைப்பின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். இரண்டு பேர் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கை வைத்து, போக்குவரத்துப் பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் என்றது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் நல்ல நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று சொல்லிவிட்டது. உரிமை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அறை பார்க்கிற தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்பதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இது ஏதோ காலுக்குச் சொகுசு தேடுகிற பேச்சு இல்லை. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள், ஐந்தில் ஒருவர். "அதுக்குத்தான் பைக் வாங்கச் சொன்னேன்" என்று அந்த சீனியர் சொல்வார். அதே கணக்கில் இரு சக்கர வாகனத்தில் போய்ச் செத்தவர்கள் 44 சதவீதத்துக்கு மேல். தவிர, முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே இ.எம்.ஐ., பெட்ரோல், இன்சூரன்ஸ், பார்க்கிங்குக்குத் தனி வாடகை. பைக் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஏரியா சரியில்லாததற்கு அபராதமாக வாங்காதீர்கள்.

அறை பார்க்கப் போகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது குறுக்கே இருக்கிற ரோடு. மேப்பில் ஸ்டேஷன் 400 மீட்டர் என்று காட்டும். நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு படுத்திருக்கும். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் போகிறவர்கள், காலை ஒன்பது மணிக்கு அந்த ரோட்டை எங்கே, எப்படிக் கடப்பது என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்க வேண்டும். தாம்பரத்தைத் தண்டவாளம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டியிருக்கிறது. ஆபீஸ் பஸ் மேற்கிலும் அறை கிழக்கிலும் என்றால் தினமும் படி ஏறி இறங்கத் தயாராகுங்கள். மேற்கு மாம்பலத்துக்கும் இதே கதைதான். தி.நகருக்குப் போக துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை உண்டு. மழை வலுத்தால் அங்கே தண்ணீர் நிற்கும்.

மழை என்றதும் வேளச்சேரி ஞாபகம் வராமல் இருக்காது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் டிவியில் பார்த்தோமே. பறக்கும் ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, வேளச்சேரியை மொத்தமாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். அதனால் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று புரோக்கரிடம் கேட்காமல் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். வேலை நாளில் ஒரு தடவை காலையிலும் ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து அறை வரை நடந்து பாருங்கள். எங்கள் வகுப்புப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது 2021 மே மாதம் வந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு இருக்கிற அந்தக் கடைசி அரை கிலோமீட்டருக்கு எந்தத் திட்டமும் இல்லை. தெரு விளக்கு எரிகிறதா, கடைகள் எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். பிளாட்பாரத்தை அடைக்கிறது என்று நாம் திட்டுகிற இட்லிக் கடையும் பூக்கடையும் ராத்திரியில் அந்தத் தெருவுக்கு எவ்வளவு பெரிய காவல் என்பது அப்போது தெரியும்.

இதுவரை படித்துவிட்டு "அப்போ எல்லாரும் மயிலாப்பூர், மாம்பலம் போயிடலாமா?" என்று கேட்டால், இந்தக் கட்டுரையில் எனக்கே கசக்கிற இடம் இதுதான். நடக்க வசதியான பழைய ஏரியாக்களில் பல வீடுகளில் கதவு நமக்குத் திறக்காது. "வெஜிடேரியன் ஒன்லி", "ஃபேமிலி ஒன்லி" என்று போர்டில் எழுதியிருக்கும். எழுதாதது அடுத்த கேள்வியில் வரும். "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்? உங்க பேரு முழுசா என்ன?" எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். நம் வகுப்பில் கறி சாப்பிடாத ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முஸ்லிம் நண்பனுக்கும் தலித் நண்பனுக்கும் "ரூம் ஏற்கெனவே போயிடுச்சுப்பா" என்கிற பதில் ரொம்ப சீக்கிரமாகவே வந்துவிடுகிறது. ஆக, தள்ளி இருக்கிற ஏரியாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாடகைக் கணக்குத் தெரியாமல் போகவில்லை. பக்கத்தில் கிடைக்காமல் போகிறார்கள். நான் மேலே போட்ட 2,240 ரூபாய்க் கணக்கு அவர்களுக்கு ஒரு வரி மாதிரி. பிறந்ததற்காக மாதாமாதம் கட்டுகிற வரி.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எந்த ஊர்ப் பையனும் பெட்டியோடு வந்து ஏறலாம் என்கிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. அறை சின்னதுதான், பாத்ரூமுக்கு வரிசைதான். ஆனால் கீழே இறங்கினால் எல்லா வகைச் சாப்பாடும் கிடைக்கும், ஐந்து ரூபாய் செலவில்லாமல் மெரினா வரை நடந்துவிடலாம், பறக்கும் ரயில் ஸ்டேஷனும் உண்டு. பெண்களுக்கு அந்த வழி கிடையாது, ஹாஸ்டல்தான். அவர்கள் இன்னும் ஒரு மாதம் முன்னாலேயே தேட ஆரம்பிக்க வேண்டும். இரண்டும் அமையாவிட்டால், பீச் - செங்கல்பட்டு லைனில் ஸ்டேஷனைச் சுற்றிப் பத்து நிமிஷ நடைக்குள் மட்டும் தேடுங்கள். ஆபீஸ் பத்து ஸ்டேஷன் தள்ளி இருந்தாலும் சீசன் டிக்கெட் காப்பாற்றும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு. தெற்கே இருந்து வரும் அரசு பஸ்களுக்காக 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் நிலையத்தைத் திறந்தார்கள். அடுத்த மாதமே நம் பக்கத்து பஸ்களும் கோயம்பேட்டை விட்டு அங்கே போய்விட்டன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் ஊருக்கு வந்து போகிறவர்கள் வடசென்னையிலோ அம்பத்தூரிலோ அறை எடுத்தால் ராத்திரி மூட்டையோடு ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டியிருக்கும். ரயில் என்றால் விருத்தாசலத்தில் ஏறி தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்கிவிடலாம், அங்கிருந்து மின்சார ரயில். அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் அங்கே எப்படிப் போவது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள், கையில் ஒரு பையாவது வைத்துக்கொண்டு.