வாணவேடிக்கை இல்லாத பாட்டு

யூரோவிசன் பாட்டுப் போட்டி என்றதும் நம்மவர் பலரின் நினைவில் எழுவது, பிள்ளைகள் நள்ளிரவுவரை விழித்திருந்து பார்க்கும் ஒளிவெள்ளமும் பேரிரைச்சலுமே. மூன்று நிமிடத்திற்கு மேற்படாத ஒரு பாட்டுக்கு எத்தனை விளக்குகள், எத்தனை ஆட்டங்கள்! அத்தகைய மேடையில் 2017 மே 13ஆம் நாள் நிகழ்ந்த ஒன்று, அகதிகளாகிய நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

உக்ரேனின் தலைநகர் கீவில் நடந்த இறுதிச் சுற்றில் 26 நாடுகள் பங்குபற்றின. போர்த்துக்கல் சார்பில் பாடிய சல்வடோர் சொப்ரால் 27 வயது இளைஞர். கடும் இதய நோயாளி. உடல்நிலை கருதி அவர் பிந்தியே கீவுக்கு வந்தார். அதுவரை ஒத்திகைகளில் அவருக்காகப் பாடியவர், பாடலை இயற்றிய அவர் தமக்கை லூயிசா. மறுபக்கத்தில் அன்பு வற்றிய பின்னும் இருவருக்குமாகத் தானே நேசிப்பேன் என்னும் ஒருவனின் மென்சோகப் பாடல் அது. சபையோர் நடுவே ஒரு சிறு மேடை, பியானோ, நரம்பிசை. ஆடுவோர் எவருமில்லை. குரல் சில இடங்களில் முணுமுணுப்பாகவே தேய்ந்தது.

1999 முதல் எம்மொழியிலும் பாடலாம் என்பதால் பெரும்பாலோர் ஆங்கிலத்தை நாடிவந்தனர். இவரோ தாய்மொழியாகிய போர்த்துக்கேய மொழியிலேயே பாடினார். (கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து ஆகியவற்றை நமக்குத் தந்த மொழி, முற்றிலும் அந்நியமென்று தள்ளிவிடவும் இயலாது.) 1964இல் முதன்முதலாகப் பங்குபற்றியபோது ஒரு புள்ளியேனும் பெறாத நாடு, 758 புள்ளிகளுடன் முதன்முறையாக வென்றது. நோயாளி என்ற இரக்கமே வாக்குகளைச் சேர்த்தது என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. பொதுமக்கள் மட்டுமன்றி, இசை வல்லுநர் குழுக்களும் அவரையே முதலிடத்தில் வைத்தன. இசை என்பது வாணவேடிக்கையன்று, உணர்வே என்று வெற்றி மேடையில் கூறிய அவர், தமக்கையை அழைத்து அப்பாடலை அவருடன் சேர்ந்து மீண்டும் பாடினார்.

இனி, நம்மைத் தொடும் செய்தி. இறுதிச் சுற்றுக்கு முன்னர் செய்தியாளரைச் சந்தித்தபோது, அகதிகளுக்கு உதவி கோரும் வாசகம் பொறித்த மேலாடையை அவர் அணிந்திருந்தார். பிளாஸ்ரிக் படகுகளில் உயிர்தப்பி வருவோரிடம் அகதி அந்தஸ்துக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறார்களே என்று மனம் நொந்து பேசினார். அப்பத்திரத்துக்காக ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் தபாற்காரரை எதிர்பார்த்திருந்தோர் இப்பத்தியின் வாசகருள் எத்தனை பேர்! அரசியல் வாசகம் எனக் கூறி, அம்மேலாடையை மீண்டும் அணியலாகாதென அமைப்பாளர்கள் தடுத்தனர். உயிர் காக்க ஓடிவந்தவனுக்கு இரங்குவது எவ்வாறு அரசியலாகும் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அவருக்கு இதயமாற்றுச் சிகிச்சை நடந்தது. 2018 மே மாதம் லிஸ்பனில் நடந்த அடுத்த போட்டியின் இறுதி இரவில், பிரேசில் பாடகர் கயெத்தானோ வெலோசோவுடன் அதே பாடலை, புதிய இதயத்துடன் பாடினார்.