சுவருக்கு வெள்ளை போதும்னு யார் சொன்னது?

கரோல் பாக்கில் நம்மவர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். இருபது வருஷமா அதே வீட்டில் இருப்பாங்க, சுவர் மட்டும் வெள்ளை, இல்லேன்னா ஆஃப் ஒயிட். கேட்டா ரெடிமேடா ஒரு பதில்: "எப்படியும் ஒரு நாள் ஊருக்குப் போகப் போறோம், இங்கே எதுக்கு தண்டச் செலவு?"

மக்களே, இந்த நினைப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த 'ஒரு நாள்' வரதுக்குள்ளே பிள்ளைங்க பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் பிளஸ் டூ முடிச்சு வேலைக்கே போயிடறாங்க. அவங்களுக்கு 'நம்ம வீடு'ன்னா இந்தச் சுவர்தான். அது ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரியா இருக்கணும்?

என் சிபாரிசு ஆப்ரிகாட் நிறம். இங்கே கூபானின்னு சொல்ற பழம், மே, ஜூனில் மார்க்கெட்டுக்கு வரும். பப்பாளி விழுதில் தாராளமா பால் விட்டா வருமே, அந்த நிறம்.

காரணம் இருக்கு. இங்கே பல வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. முன்பக்கமும் பின்பக்கமும்தான் வெளிச்சம். ஜனவரி மூடுபனியில் வரும் கொஞ்ச வெளிச்சமும் நீலம் பாய்ஞ்ச சாம்பல். அதில் வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். ஆப்ரிகாட்டில் உள்ள மஞ்சளும் சிவப்பும் அந்த நீலத்தைச் சமன் செய்யும். அறை ஒண்ணும் சூடாகிடாது, ஸ்வெட்டரைக் கழட்டிடாதீங்க :-) ஆனா உட்கார்ந்து பேசத் தோணும்.

"44 டிகிரி வெயிலில் இந்தக் கலரா?" இது தங்கமணியின் கேள்வி. நியாயம்தான். ஆனா உள்சுவர் நிறத்தால அறைச் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. மேல்மாடிக்காரங்களுக்கு மொட்டை மாடித் தளம்தான் வில்லன். அங்கே வெள்ளை அடிங்க, அங்கேதான் வெள்ளைக்கு வேலை. உள்ளே வெளிர் ஷேட் எடுத்துக்கிட்டு சீலிங்கை மட்டும் வெள்ளையா விட்டுடுங்க.

இறங்கறதுக்கு முன்னாடி:

1. நம்ம ஊர் வழக்கப்படி போகிக்கு அடிக்காதீங்க. பெரும்பாலான எமல்ஷன் 10 டிகிரிக்குக் கீழே சரியா காயாது. இங்கே ஜனவரி ராத்திரியில் 5 டிகிரிக்கும் கீழே போகும். டெல்லிக்காரங்க தீபாவளிக்கு முன்னாடி அடிக்கிறாங்கன்னா சும்மா இல்லை. மழை முடிஞ்சு, பனி வராத நேரம் அது.

2. ஷேட் கார்டை நம்பாதீங்க. சின்ன டப்பா வாங்கி, இரண்டு சுவரில் 2 அடிக்கு 2 அடி அடிச்சு, காலை, மதியம், ராத்திரின்னு பாருங்க. 6500 கெல்வின் எல்ஈடி வெளிச்சத்தில் ஆப்ரிகாட் சோகை பிடிச்ச மாதிரி வெளிறிடும். 3000 கெல்வினில் ஆரஞ்சு தூக்கலாத் தெரியும். பல்பை முதல்ல முடிவு பண்ணுங்க.

3. சுவரில் ஓதம் இருந்தா (இங்கே 'சீலன்') அதைச் சரி பண்ணாம எந்தக் கலரும் நிக்காது.

4. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாதுன்னு விதி வந்தது 2016-ல், அமலானது 2017 நவம்பரில். அதுக்கு முந்தின எனாமல் இருந்தா உலர்வாச் சுரண்டாம நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. குழந்தைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க.

வாடகை வீடா? காலி பண்ணும்போது வெள்ளை அடிச்சுத் தரோம்னு ஓனர்கிட்ட பேசிட்டு, ஹாலில் ஒரே ஒரு சுவருக்காவது அடிங்க.

ஊருக்குப் போறப்ப போவோம். அதுவரைக்கும் இருக்கிற வீட்டில் குடியிருப்போமே!