குறியீடு தவறினால் குற்றமா?

நுகேகொடை ஹைலெவல் வீதிக் கடையொன்றில் தொங்கும் டீசேர்ட்டின் கீழ்விளிம்பைப் பாருங்கள். நேராக மடித்துத் தைத்திருந்தால் சுங்கத்தில் அதன் குறியீடு 6109. அதே துணியில், அதே அளவில், இடுப்பைப் பிடிக்கும் ரிப் பட்டி வைத்துவிட்டால் அந்தத் தலைப்பு அதற்குக் கிடையாது. பெரும்பாலும் ஸ்வெட்டர் வகைகளோடு 6110க்குப் போய்விடும். கொலரும் முன்பாதியில் பொத்தானும் உள்ள ஆண்களுக்கான போலோ சேர்ட் 6105. அதில் இடுப்புக்குக் கீழே பை வைத்தால் அதுவும் இல்லை. பின்னலின் நெருக்கத்தைக்கூட எண்ணுகிறார்கள். குறைந்தது 10 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பரப்பில் கண்ணிகளை எண்ணி, சென்ரிமீற்றருக்குச் சராசரி 10க்குக் குறைந்தால் 6105 தலைப்பு பறிபோகும்.

இவை கொழும்பில் எழுதப்பட்ட விதிகள் அல்ல. பொருள்களை வகைப்படுத்தி எண்ணிடும் உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைந்த முறைமை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கமும் உலகெங்கும் ஒன்றுதான். அவற்றின் பின் இலங்கை இரண்டு இலக்கம் சேர்த்துக்கொள்கிறது. பின்னல் உடுப்பு 61ஆம் அத்தியாயம், நெய்த துணி உடுப்பு 62. ஆனால் பின்னல் துணியில் தைத்த பிராவும் 62இல்தான் வரும். கலப்புத் துணியில் எந்த இழையின் எடை கூடுதலோ, உடுப்பு அந்த இழையைச் சேரும். பருத்தியும் பொலியெஸ்டரும் சரிபாதியானால் அது பொலியெஸ்டர் உடுப்பு. ஆணுடையதா பெண்ணுடையதா என்று பிரித்தறிய முடியாதது பெண்களுக்கான தலைப்பில் விழும்.

இந்த நுணுக்கங்களை நான் குறைசொல்லவில்லை. எங்கள் ஆடை ஏற்றுமதியாளர்கள் இவற்றைத் தலைகீழாகச் சொல்வார்கள். அமெரிக்கா வழமையாகப் பருத்தி டீசேர்ட்டுக்கு 16.5 வீதமும் செயற்கை இழை டீசேர்ட்டுக்கு 32 வீதமும் வரி கேட்கிறது. அந்த வித்தியாசத்தில் ஓடரே கைமாறிவிடும். பெரிய ஆலைகளில் இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் உண்டு.

புறக்கோட்டையில் கடை வைத்துக்கொண்டு திருப்பூரிலிருந்தும் பாங்கொக்கிலிருந்தும் சிறுகச் சிறுகச் சரக்கு எடுப்பவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? விலைப்பட்டியலில் பின்னல் உடுப்பு என்று ஒற்றை வரி இருக்கும். குறியீட்டைப் போடுவது அவருக்காகச் சுங்க ஆவணம் நிரப்பும் வாஃப் கிளார்க். சரக்கு சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் வேறு குறியீடு என்று தெரியவரும். வேறு குறியீடென்றால் வேறு தீர்வை, வேறு செஸ் ஆகலாம். இவற்றோடு துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரியையும் கூட்டிய தொகையின் மேல்தான் 18 வீத வற். அடித்தட்டில் நேரும் வித்தியாசம் மேலே போகப்போகப் பெருகும். பண்டிகைக்கு எடுத்த சரக்கு பண்டிகை முடிந்து கைக்கு வந்தால் வரியைவிட அதுவே பெரிய நட்டம்.

இங்கேதான் எனக்குக் கடுமையான ஆட்சேபம். எங்கள் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டினது. பொய்யாக வெளிப்படுத்தினால் பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் விதிக்கலாம். அந்த அபராதத்தில் ஒரு பங்கு அதிகாரிகளுக்கு வெகுமதியாகப் போகும் வழக்கமும் நீண்ட காலமாக உண்டு. 500 உடுப்பைக் கொண்டுவந்து 200 என்று எழுதுபவர் மோசடிக்காரர். அவர்மேல் சட்டம் பாயட்டும். 2022இல் கஜானா வற்றியபோது நாடு பட்ட பாட்டைக் கண்ட எவரும் வரி ஏய்ப்புக்குப் பரிந்து பேச முடியாது. ஆனால் இழை, எண்ணிக்கை, விலை எல்லாவற்றையும் சரியாக எழுதி, ரிப் பட்டியைக் கவனியாமல் 6109 என்று போட்டவர் எதையும் மறைக்கவில்லை. அவர் குறைவாகக் கட்டிய வரியை வட்டியோடு அறவிடலாம். குற்றவாளியாக நிறுத்தக் கூடாது. அபராதத்தில் பங்குள்ள கையிலேயே அந்தத் தீர்ப்பை விடுவது அதைவிடத் தவறு.

முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2017இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, சரக்கு வருமுன்பே குறியீட்டை எழுத்தில் தீர்மானித்துத் தரும்படி சுங்கங்களைக் கேட்கிறது. அமெரிக்கச் சுங்கம் தன் தீர்மானங்களைக் காரணத்தோடு எவரும் இணையத்தில் தேடிப் படிக்க விட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படியே. ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலைப் பார்த்தே அடுத்த வணிகர் தன் சரக்குக்குக் குறியீடு போட்டுவிடலாம்.

வணிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விற்பவரிடமே ஒவ்வொரு ரகத்துக்கும் இழை வீதம், கழுத்து, கை, கீழ்விளிம்பு ஆகியவற்றைத் தனித்தனியே பட்டியலில் எழுதி வாங்குங்கள். பொத்தாம்பொதுவான ஒற்றை வரிதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

சுங்கத் தலைமையகம் இருப்பது புறக்கோட்டைப் பிரதான வீதியில். மொத்த விற்பனை உடுப்புக் கடைகளும் அதே வீதியில், அதன் குறுக்குத் தெருக்களில். அந்தக் கடைகளில் கணக்கு எழுதப்படுவது தமிழிலும் சிங்களத்திலும். 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே 61ஆம் அத்தியாயத்தின் குறிப்புகளையும், அதன்கீழ் கடந்த ஐந்தாண்டில் எடுத்த தீர்மானங்களையும், வணிகரின் பெயரை நீக்கி, உடுப்பின் படத்தோடு மூன்று மொழியிலும் வெளியிடச் சுங்கத் திணைக்களத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.