மாத்திரை வாசலுக்கு வருகிறது, ஆலோசனை?

மரக்காணம் உப்பளங்களை அருகில் வைத்திருக்கும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் உப்பைக் குறைக்கச் சொல்வது எளிதல்ல. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால், மாத்திரையை விழுங்கிவிட்டுக் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாக உட்கார்ந்தால் அழுத்தம் எப்படி இறங்கும்?

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைச் சுவரொட்டியில் எழுதிப் பயனில்லை. மாதம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறீர்கள், சாப்பிடுவோர் எத்தனை பேர் என்று கேட்டுக் கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அதற்காக மேல்மலையனூர்க்காரர் ஒருநாள் கூலியை விட்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்து ஏற வேண்டுமா? ‘இ-சஞ்சீவனி’ தொலைமருத்துவச் சேவையில் 2020 முதல் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் இலவசமாகப் பேச முடிகிறது. அதே வழியில் தமிழ் பேசும் உணவியல் நிபுணரையும் அமர்த்தலாம். கைப்பேசி பழகாதவர்களுக்கு, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரே அழைப்பை இணைத்துத் தரட்டும். சமைப்பவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் நோயாளி வேறு, உப்பு போடும் கை வேறு.

சோடியம் குறைந்த உப்புகளில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. இதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடலாம். முதலில் முண்டியம்பாக்கத்தில் வாரம் இரண்டு பிற்பகல்களை இதற்கென ஒதுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.